ஏடும் காவலும்

மட்டக்களப்பு வாவிக்கும் கீழைக் கடலுக்கும் நடுவே தெற்கு நோக்கி நீண்டு செல்லும் ஒடுங்கிய நிலப்பரப்பிலே, காத்தான்குடிக்கு அடுத்தாற்போல் அமைந்திருப்பது ஆரையம்பதி. ஆரைப்பற்றை என்பது அதன் பழம்பெயர். ஞாயிறு எழும் பக்கமாதலின் வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், ஞாயிறு படும் பக்கமாதலின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அப்பகுதி மக்கள் வழங்குவர். எழுவான்கரையைச் சேர்ந்த இவ்வூரிலேதான் மண்முனைப் பற்றுப் பிரதேச செயலகம் இருக்கின்றது. பிறப்புச் சான்றிதழின் பிரதி வேண்டுவோர், அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்போர், காணி அலுவலாக வருவோர் ஆகிய பலரும் கடதாசிக் கட்டுக்களோடு வந்து காத்திருக்கும் இடம் அது.

அவர்களுடைய அலுவல்கள் பலவாயினும், அவற்றின் அடியிலே இரண்டு கேள்விகள் கிடக்கின்றன. இன்னார் இன்னாரே என்பதை எதனைக் கொண்டு நிறுவுவது என்பது ஒன்று. அதனை நிறுவும் ஆவணம் அழிந்துபட்டால் என் செய்வது என்பது மற்றொன்று. ஏட்டுச் சுவடிக் காலத்திலும் இவ்விரு கேள்விகள் இருந்தன. கணினி வலையமைப்புக் காலத்திலும் இருக்கின்றன. இடைப்பட்ட காலத்திலே கேள்விகள் மாறவில்லை. விடை சொல்லும் கருவிகளே மாறின.

பழைய மட்டக்களப்பிலே முதற் கேள்விக்கு விடை காண்பது எளிதாயிருந்தது. வந்தவர் எந்தக் குடியினர் என்று கேட்டறிந்தாற் போதும். மட்டக்களப்புப் பகுதியிலே குடி என்பது தாய்வழியாக வருவது. கோயில்களிலே திருவிழாப் பூசைகளை நடத்தும் உரிமை பல இடங்களிற் குடிகளின் முறைப்படியே வகுக்கப்பட்டிருக்கும். கோயிற் பொறுப்பை வகிக்கும் வண்ணக்கர் பதவியும் அவ்வாறே. அக்கரைப்பற்றிலே தங்கி ஆராய்ச்சி செய்த டெனிஸ் மக்கில்வ்ரே என்னும் அமெரிக்க மானிடவியலறிஞர், 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பெருநூலிலே இக்குடி முறையை விரிவாக ஆராய்ந்திருக்கின்றார். ஒருவர் தம்மை வேறொரு குடியினராகச் சொல்லிக்கொண்டு வந்தால், அவருடைய தாயையும் தாயின் தாயையும் அறிந்த கிழவியர் நால்வர் அவ்விடத்திலேயே மறுத்துவிடுவர். அடையாளம் ஒருவர் கையில் இருக்கவில்லை. ஊரார் பலருடைய நினைவிலே பரந்து கிடந்தது. ஆகவே அதனைத் திருடுதலும் அரிது, அழித்தலும் அரிது. ஆனால் ஊர் எல்லையைத் தாண்டியதும் அந்த நினைவு செல்லாக் காசாகிவிடும். கொழும்பிலிருந்து வந்த துரைமகனுக்கு ஆரையம்பதிக் கிழவியின் சொல் எவ்வாறு சான்றாகும்?

அந்தக் குறையை நிரப்ப வந்ததே கடதாசி. பிறப்பு இறப்புப் பதிவை நாடளாவிய முறையிலே ஒழுங்குபடுத்தும் சட்டம் ஆங்கிலேயர் ஆட்சியில் 1867-ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டது. இன்று நடைமுறையிலுள்ளது 1951-ஆம் ஆண்டின் 17-ஆம் இலக்கச் சட்டம். இம்முறையின் சிறப்பெல்லாம் ஒரு சிறு ஏற்பாட்டிலே அடங்கியிருக்கின்றது. பதிவு இரண்டு படிகளாக எழுதப்படும். ஒன்று அந்தப் பகுதியிலே இருக்கும். மற்றது கொழும்பிலே பதிவாளர் நாயகத்தின் பொறுப்பிலுள்ள மத்திய ஆவணக் காப்பகத்தைச் சேரும். இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர் தூரம். மட்டக்களப்பிலே வெள்ளம் வந்தாற் கொழும்பிலுள்ள படி நனையாது. கொழும்பிலே தீப்பிடித்தால் மட்டக்களப்பிலுள்ள படி கருகாது. எழுதுவினைஞரின் கைவலியைத் தவிர இதற்குப் பெருஞ் செலவு எதுவும் இல்லை.

சுவடி காத்த குடும்பங்களும் இவ்வறிவைத் தம் வழியிலே பெற்றிருந்தன. செல்லும் புழுவும் தின்னும் பனையோலை, சில தலைமுறைகளுக்கு ஒருமுறை பெயர்த்தெழுதப்பட்டாலன்றி நில்லாது. மட்டக்களப்பின் பழங்கதைகளைக் கூறும் ‘மட்டக்களப்பு மான்மியம்’ அவ்வாறு ஏட்டிலே வாழ்ந்து, 1962-ஆம் ஆண்டில் எவ்.எக்ஸ்.சி. நடராசா அவர்களாற் பதிப்பிக்கப்பெற்று அச்சேறியது. ஏட்டிலுள்ள செய்தி முழுவதும் வரலாறாகுமா என்பது வேறு விவகாரம். ஏடு பிழைத்தது என்பதே இங்கு வேண்டப்படுவது.

சுதந்திரத்திற்குப் பின் கடதாசியோடு இலக்கமும் சேர்ந்தது. ஆட்களைப் பதிவு செய்தல் பற்றிய 32-ஆம் இலக்கச் சட்டம் 1968-ஆம் ஆண்டிலே நிறைவேறியது. 1972-ஆம் ஆண்டு முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. அந்த அட்டையின் இலக்கம் நுணுகி நோக்கத்தக்கது. முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டிலே பிறந்த நாள் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டுவன. பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்படும். பெப்ரவரி 1-ஆந் திகதி பிறந்த ஆணுக்கு 032. அதே நாளிற் பிறந்த பெண்ணுக்கு 532. எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு 29 நாட்கள் எனக் கொண்டே கணக்கிடுவதால், மார்ச் 1 எந்த ஆண்டிலும் 61-ஆம் நாளாகவே நிற்கும். அதன்பின் வரிசை எண், பிழை அறியும் இலக்கம் ஒன்று, ஈற்றிலே வாக்குரிமை குறித்த ஓர் ஆங்கில எழுத்து. 2000-ஆம் ஆண்டிலும் அதன் பின்னும் பிறந்த பிள்ளைகள் அட்டை பெறும் வயதை அணுகியபோது, ஆண்டுக்கு இரண்டே இலக்கம் போதாதாயிற்று. எனவே 2016-ஆம் ஆண்டு முதல் எழுத்து நீங்கி, 12 இலக்கங்கள் வழக்கிற்கு வந்தன. 2017-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே பட்டைக் குறியீடு பொறித்த புதிய அட்டையும் வந்தது.

உள்நாட்டுப் போர்க்காலத்திலே, எழுவான்கரைத் தமிழருக்கு இந்தச் சிறிய அட்டை உயிரினும் ஒரு படி குறைந்த பொருளாகவே இருந்தது. ஆரையம்பதிக்கு அண்மையிலுள்ள மண்முனைத் துறையிலே வாவியைக் கடந்தால் மறுகரை படுவான்கரை. 2007-ஆம் ஆண்டு வரை அக்கரையின் பெரும் பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலே இருந்தது. துறையிலே பாலம் அமைந்ததோ 2014-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் பாதையிலோ தோணியிலோ ஏறித்தான் நெல்லும் பாலும் மக்களும் கடந்தனர். சோதனைச் சாவடிகளிலே அட்டையில்லாதவர் யாராகவும் கருதப்படலாம். அட்டை என்ன கூறுகின்றது என்பதைவிட, அதைக் கையிற் பிடித்திருப்பவர் அதற்குரியவர்தானா என்பதே அங்கு கேள்வி. கணினித் துறையார் பிற்காலத்திலே அடையாளம் கூறுதல் வேறு, அடையாளத்தை மெய்ப்பித்தல் வேறு எனப் பிரித்துப் பேசினர். அந்த வேறுபாட்டை இப்பகுதி மக்கள் வெயிலிலே வரிசையில் நின்று கற்றவர்கள்.

இரண்டாவது கேள்வியைக் கடல் கேட்டது. 1978-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி கூரைகளைக் கொண்டு சென்றது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆந் திகதி வந்த ஆழிப்பேரலை கரையோரத்து வீடுகளை அத்திவாரத்தோடு கொண்டு சென்றது. உயிரிழப்பின் முன் கடதாசியின் இழப்பைப் பேசுவது பொருந்தாததுபோலத் தோன்றலாம். ஆனால் உயிர் தப்பியவர் மறுநாள் தொடக்கம் வாழவேண்டியவரல்லரோ? அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம் யாவும் ஒரே பெட்டகத்திலே இருந்தன. பெட்டகம் ஒரே வீட்டிலே இருந்தது. உடல் கிடைக்காதோரின் இறப்பைப் பதிவு செய்வதற்கும், அநாதைகளான பிள்ளைகளின் பொறுப்பைத் தீர்ப்பதற்கும் 2005-ஆம் ஆண்டிலே 16-ஆம் இலக்க விசேட சட்டம் ஒன்று வேண்டியதாயிற்று. பிறப்புப் பதிவுகளைப் பொறுத்தவரையிலே, இரட்டைப் படி எழுதிவைத்த அந்தப் பழைய வழக்கம் கைகொடுத்தது. வீட்டிலிருந்த பிரதியைக் கடல் கொண்டபோதிலும், மூலப்பதிவு வேறிடத்திலே இருந்தமையாற் புதுப் பிரதி பெறுதல் இயல்வதாயிற்று.

இதே காலத்திலே உலகின் வேறொரு கோடியிலே, ஆட்களை அறியும் வேலையைப் பொறிகள் கற்றுக்கொண்டிருந்தன. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்திலே 1961-ஆம் ஆண்டிலே, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்திற் பயன்படுத்தும் அமைப்பொன்றைப் பெர்ணாந்தோ கோர்பற்றோ என்பாரின் குழுவினர் இயக்கிக் காட்டினர். ஒருவருடைய கோப்பை மற்றவர் தொடாதிருக்கும் பொருட்டு ஆளுக்கொரு கடவுச்சொல் வழங்கப்பட்டது. மறு ஆண்டிலேயே அதற்குச் சோதனை வந்தது. அலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால், கடவுச்சொற் கோப்பையே அச்சிட்டுத் தருமாறு துளை அட்டை மூலம் பொறிக்குக் கட்டளையிட்டார். பொறி பணிந்தது! 1966-ஆம் ஆண்டிலோ யாரும் திருடவில்லை. ஒரு கோளாறினாலே வரவேற்புச் செய்தி இருக்கவேண்டிய இடத்திலே கடவுச்சொற் பட்டியல் மாறி அமர்ந்து, உள்ளே வந்த அனைவருக்கும் காட்சியளித்தது. வீட்டின் திறப்புக்களையெல்லாம் முன்விறாந்தையிலே தொங்கவிட்டது போன்ற கதை. கடவுச்சொல்லை உள்ளவாறே வைக்காது, மீட்டெடுக்க முடியாத வடிவிலே திரித்து வைக்கும் முறையை றொபேட் மொறிஸ், கென் தொம்சன் இருவரும் 1979-ஆம் ஆண்டிலே விளக்கி எழுதினர்.

பின்னர் கணினிகள் பெருகின. கடிதம் வைத்திருக்கும் பொறி வேறு, கணக்கு வைத்திருக்கும் பொறி வேறு என ஆயின. பிற பொறிகளுக்கு இவ்வாறு சேவை வழங்கும் கணினியே வழங்கி எனப்படுவது. ஒவ்வொரு வழங்கிக்கும் ஒவ்வொரு கடவுச்சொல் என்றால் மனிதர் மறப்பர். ஒரே சொல்லை எங்கும் அனுப்பினால் வழியிலே களவு போகும். இதற்குத் தீர்வாக 1980-களிலே அதே மசாசூசெட்ஸ் கழகத்திலே உருவானது கேர்பெரோஸ் என்னும் முறை. கிரேக்கப் புராணத்திலே பாதாள வாயிலைக் காக்கும் முத்தலை நாயின் பெயர் அது. தோணித் துறையை எண்ணிக்கொண்டால் இம்முறை விளங்கும். துறைமுகப்பிலே ஒருவர் ஆளை விசாரித்துச் சீட்டு வழங்குவார். தோணிக்காரர் ஆளை விசாரிப்பதில்லை. சீட்டின் முத்திரையையும் நேரத்தையும் மட்டும் பார்ப்பார். நேரம் கழிந்த சீட்டுச் செல்லாது. கடவுச்சொல் வலையமைப்பின் வழியே பயணம் செய்வதுமில்லை. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலே தன் வழங்கிகளின் ஆட்பெயரேட்டிற்கு இம்முறையை அடிப்படையாக்கியது. அலுவலகங்கள் பலவற்றிலே காலையில் ஒருமுறை கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு நாள் முழுதும் வேலை செய்வது இதனாலேயே இயல்கின்றது.

அழகிய ஏற்பாடுதான். ஆனால் சீட்டு வழங்குபவரின் முத்திரையே களவு போனால்? திருடன் எந்தப் பெயரிலும் சீட்டு எழுதலாம். தோணிகள் யாவும் அதனை ஏற்கும். காப்புப்படி வைத்திருக்கும் வழங்கியும் அதே முத்திரையை நம்புவதாயின், அதுவும் திறந்துகொள்ளும். மூலத்திற்கு ஒரு பூட்டு, படிக்கு ஒரு பூட்டு என இரண்டு பூட்டுக்கள் இருப்பதாக எண்ணியிருப்பர், திறப்பு ஒன்றே.

இலங்கை அரசாங்கம் இத்துறையிலே ஒழுங்காக இறங்கியது 2003-ஆம் ஆண்டிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையத்தை நிறுவியதோடு எனலாம். அமைச்சுக்களையும் திணைக்களங்களையும் இணைக்க அரசாங்க வலையமைப்பும், பின்னர் இலங்கை அரசாங்க முகிலும் உருவாயின. முகில் என்றதும் ஆகாயத்தை நோக்க வேண்டியதில்லை. குளிரூட்டப்பட்ட அறையிலே இரும்புத் தட்டுக்களில் அடுக்கிய வழங்கிகளே அது. ஒரு பெரிய பொறியைப் பல சிறு பொறிகள்போலப் பகுத்து, வேண்டிய அலுவலகத்திற்கு வேண்டிய அளவு வாடகை வீடுபோல வழங்குவர். தனித்தனியே பொறி வாங்க வசதியில்லாத அலுவலகங்களுக்கு இது பெரும் நன்மை. எல்லாம் ஓரிடத்திலே திரள்வதால் ஆபத்தும் ஓரிடத்திலே திரளும்.

அது 2023-ஆம் ஆண்டிலே வெளிப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 26-ஆந் திகதி கப்பம் கேட்கும் மென்பொருள் அரசாங்க முகிலைத் தாக்கிற்று. அரசாங்க மின்னஞ்சல் முகவரியைப் பயன்படுத்தியோர் முந்திய வாரங்களிலே ஐயத்திற்கிடமான இணைப்புக்களைப் பெற்றிருந்தனர் என்றும், யாரோ ஒருவர் அதனைத் திறந்திருக்கக்கூடும் என்றும் முகவர் நிலையம் பின்னர் தெரிவித்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. பன்னிரண்டு மணி நேரத்திலே சேவை மீண்டது என்பது பாராட்டத்தக்கதே. ஆனால் கடிதங்கள் அனைத்தும் மீளவில்லை. அந்த மென்பொருள் மூலத்தை மட்டுமன்றிக் காப்புப்படியையும் பூட்டிவிட்டது. மே 17-ஆந் திகதி முதல் ஓகஸ்ட் 26-ஆந் திகதி வரையுள்ள கடிதங்களுக்கு, வலையமைப்பிற்கு வெளியே பிரித்து வைத்த படி இருக்கவில்லை. மூன்று மாதத்திற்கு மேற்பட்ட அரசாங்கக் கடிதப் போக்குவரத்து, ஆழிப்பேரலையில் அகப்பட்ட பெட்டகம்போலாயிற்று.

காரணம் தேடியபோது வெளிவந்தவை மிகச் சாதாரணமான செய்திகள். அந்த மின்னஞ்சற் சேவை மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் என்னும் மென்பொருளின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பிலே, 2014-ஆம் ஆண்டு முதல் இயங்கி வந்தது. அப்பதிப்பிற்கான பழுதுபார்ப்பை நிறுவனம் 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆந் திகதியோடு நிறுத்திவிட்டது. புதிய பதிப்பிற்கு மாறும் எண்ணம் 2021 முதல் இருந்தபோதிலும், நிதிக் குறைவினாலும் நிருவாகத் தீர்மானங்களினாலும் அது தள்ளிப்போனது. 2022-ஆம் ஆண்டிலே நாடு மருந்துக்கும் எரிபொருளுக்குமே வரிசையில் நின்றதை நினைத்தால், மின்னஞ்சலுக்குப் பணம் ஒதுக்காதது புரிந்துகொள்ளக்கூடியதே. எனினும் படியொன்றை வலையமைப்பிலிருந்து கழற்றி வேறிடத்திலே வைப்பதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. அதனை 1867-ஆம் ஆண்டின் எழுதுவினைஞர் மைக்கூட்டோடு செய்தார். தாக்குதலின் பின்னர்தான் நாள்தோறும் வலையமைப்பிற்கு வெளியே படியெடுக்கும் வழக்கம் மேற்கொள்ளப்பட்டது.

அயல்நாட்டிலே முந்திய ஆண்டிலே நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் வழங்கிகள் 2022-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆந் திகதி, மட்டக்களப்புச் சூறாவளியின் அதே திகதியிலே, இவ்வாறே பூட்டப்பட்டன. ஐந்து வழங்கிகளிலிருந்த ஏறத்தாழ 1.3 தெராபைற்று அளவான தரவுகள் பூட்டுண்டன. நோயாளர் பதிவு, பரிசோதனை முடிவு யாவும் ஏறத்தாழ இரண்டு வாரம் கையெழுத்திலே நடந்தன. வலையமைப்பைச் சரிவரப் பகுத்து வேலியிடாமையே காரணம் என்று இந்திய நாடாளுமன்றத்திலே கூறப்பட்டது. ஆயினும் அங்கே ஒரு காப்பு வழங்கி தீண்டப்படாமல் எஞ்சியிருந்தது. நோயாளரின் தரவுகள் அதிலிருந்து மீட்கப்பட்டன. டில்லியிலே வேலி பழுது, படி பிழைத்தது. கொழும்பிலே படியும் பூட்டுக்குள் அகப்பட்டது.

வேலி என்ற சொல், மட்டக்களப்பு நகரிலே புளியந்தீவின் ஓரத்தில் நிற்கும் கோட்டையை நினைவூட்டும். போர்த்துக்கேயர் கட்டிய அதனை ஒல்லாந்தர் 1638-ஆம் ஆண்டிலே கைப்பற்றினர். பின்னாளிலே கச்சேரி நெடுங்காலம் அதற்குள்ளேயே நடந்தது. தடித்த மதில், சுற்றிலும் நீர், புகுவதற்கு ஒரு வாயில். கணினி வலையமைப்புக்களும் நெடுங்காலம் இக்கோட்டையின் முறையிலேயே அமைந்தன: வாயிலிலே கடுமையான காவல், உள்ளே வந்தவர்மீது முழு நம்பிக்கை. அலுவலர்கள் வீட்டிலிருந்தும் கைத்தொலைபேசியிலிருந்தும் வேலை செய்யும் காலத்திலே, கோட்டையின் உட்புறம் எது, வெளிப்புறம் எது? 2009-ஆம் ஆண்டிலே கூகிள் நிறுவனத்தின் வலையமைப்பினுள் அந்நியர் புகுந்ததன் பின், அந்நிறுவனம் மதிலை நம்புவதை விட்டது. ஒவ்வோர் அறைக் கதவிலும், ஒவ்வொரு முறையும், ஆளையும் அவருடைய கருவியையும் சோதிக்கும் முறைக்கு மாறிற்று. கடவுச்சொல்லோடு கைத்தொலைபேசிக்கு வரும் இலக்கத்தையும் கேட்பது, இடமாற்றம் பெற்றுப் போன உத்தியோகத்தரின் உரிமையை அன்றே நீக்குவது, முகாமை அதிகாரமுடைய கணக்கை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தாதிருப்பது ஆகியன அதன் நடைமுறைக் கூறுகள். இவற்றுள் இரண்டாவதே அலுவலகங்களில் மிக எளிதிலே மறக்கப்படுவது. ஓய்வுபெற்ற விதானையாரின் முத்திரையை மீளப் பெற்றுக்கொள்ளாத கச்சேரியைக் கற்பனை செய்தால் அதன் பாரதூரம் விளங்கும்.

காப்புப்படியைப் பற்றிய எளிய விதியொன்றைப் பீற்றர் குறோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் 2005-ஆம் ஆண்டின் தம் நூலிலே பரப்பினார். மூன்று படிகள், இரண்டு வகைப் பொருளிலே, ஒன்றேனும் வேறிடத்திலே. கணினிப் பேராசிரியரன்றிப் படம்பிடிப்பவர் ஒருவர் இதனை எடுத்துச் சொன்னது வியப்பன்று. இழந்த படத்தை மீளவும் எடுக்க முடியாது என்பதை அவரே நன்கறிவார்.

இலங்கையிலே இவ்வடையாள விவகாரம் அடுத்த படியை நோக்கிச் செல்கின்றது. இந்திய அரசாங்கத்தின் நன்கொடை உதவியோடு, கைவிரல் ரேகை, கருவிழி, முகம் ஆகியவற்றைக் கொண்ட இலக்கமுறை அடையாளத் திட்டத்திற்கு 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதே ஆண்டில் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. இந்தியாவிலே 2010-ஆம் ஆண்டு செப்டெம்பர் 29-ஆந் திகதி முதலாவது ஆதார் இலக்கம் வழங்கப்பட்டது. அங்கே அதன் நன்மையும், அந்தரங்கம் பற்றிய வழக்குகளும் ஒருங்கே வளர்ந்தன. கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். அடையாள அட்டை தொலைந்தால் ஆரையம்பதிச் செயலகத்திலே புதிதாக விண்ணப்பிக்கலாம். கைவிரல் ரேகையின் பதிவு களவு போனால் வேறு விரல் பெற வழியில்லை. அந்தப் பெருந் தொகுதியின் படிகள் எத்தனை, அவை எங்கே இருக்கும், எவர் கையில் எந்தத் திறப்பு இருக்கும் என்பன கொழும்பிலே ஓர் அறைக்குள் தீர்மானிக்கப்படலாம். பெருவிரல் மட்டும் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழ்பவருடையது.

2023-ஆம் ஆண்டின் அந்த மே மாதத்திற்கும் ஓகஸ்டிற்கும் இடையிலே, அரசாங்க முகில் வழியாகச் சென்ற கடிதங்களுள் சில இன்னும் எங்கேனும் எஞ்சியிருக்குமாயின், அவற்றைப் பெற்ற யாரோ ஓர் எழுதுவினைஞர் கணினியை முழுதும் நம்பாமல் அச்சிட்டு, இரண்டு துளையிட்டு, கோப்பிலே கோத்து வைத்திருந்தமையாலேயே எஞ்சியிருக்கும்.